சீலுக்கும் சிம்மக்கல்லுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் கடல் விலங்குகளின் பார்வை, மூழ்கும் திறன் பற்றி அரைப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. அடுத்த வாரமே மதுரை சிம்மக்கல்லில் இருந்து ஒரு வாசகர் காரசாரமாகக் கடிதம் எழுதியிருந்தார். வைகையில் சாக்கடை ஓடுகிறது, மாசி வீதிகளில் நடக்க இடமில்லை, இந்த லட்சணத்தில் கலிபோர்னியாவில் ஏதோ ஒரு சீலின் (கடல்நாய் என்பார்களே, அந்தப் பிராணி) கண்பாவை எவ்வளவு விரிந்தால் நமக்கென்ன, சீலுக்கும் சிம்மக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். வைகையைப் பற்றியும் மாசி வீதிகளைப் பற்றியும் அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. சம்பந்தம் என்ன என்ற கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிடும். இடமில்லாவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய பகுதியில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. கண் சிகிச்சை முகாம்களில் பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்கு அளவு எழுதிக்கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் பல அமைப்புகள் நடத்திய முகாம்களுக்குப் போயிருக்கிறேன். பள்ளிக்கூட வராந்தாவிலோ கல்யாண மண்டபத்திலோ ஆறு மீட்டர் அளந்து கோடு போட்டு, எழுத்துப் பலகையை ஆணியில் மாட்டி, டிரையல் லென்ஸ் பெட்டியைத் திறந்து வைத்தால் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். இரண்டு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்டே வாழ்நாளில் பாதி போய்விட்டது. அதனால்தான் அந்தக் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவரின் பார்வையை அளப்பது எங்கள் தொழிலில் ஆரம்பப் பாடம். ஆங்கிலத்தின் ‘ஈ’ எழுத்தை நான்கு திசைகளிலும் திருப்பித் திருப்பி வரைந்த பலகை ஒன்று உண்டு. மூன்று கால்களும் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். விரலும் இல்லாத, பேச்சும் இல்லாத விலங்கின் பார்வையை எப்படி அளப்பது? அதைத்தான் ரொனால்ட் ஷஸ்டர்மன் என்ற உளவியலாளர் 1960களில் கலிபோர்னியாவில் சீலுக்கு உறவான கடல் சிங்கங்களிடம் செய்யத் தொடங்கினார். ஒரு பலகையில் மெல்லிய கறுப்பு வெள்ளைக் கோடுகள், இன்னொன்றில் சீரான சாம்பல் நிறம். கோடுள்ள பலகையைத் தேர்ந்தெடுத்தால் மீன் துண்டு பரிசு. கோடுகளை மேலும் மேலும் நெருக்கமாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் கோடும் சாம்பலும் விலங்குக்கு ஒன்றாகிவிடும். தேர்வு குருட்டாம்போக்காக மாறும். அந்த இடம்தான் அதன் பார்வையின் எல்லை. எங்கள் பலகையில் கடைசி வரிக்கு வரும்போது பாட்டிமார்கள் விரலை நான்கு திசைக்கும் ஆட்டுவார்களே, அதே இடம்.

அந்தக் காலத்தில் கடல் சிங்கமும் வவ்வாலைப் போல ஒலி அனுப்பி, எதிரொலி கேட்டு இரை தேடுகிறது என்று நம்பியவர்கள் இருந்தார்கள். ஷஸ்டர்மன் அதை ஏற்கவில்லை. சோதித்துச் சோதித்து மறுத்தார். அது நம்புவது கண்ணையும் மீசை மயிரையும்தான். 2010இல் இறக்கும் வரை அவருடைய வேலை இந்த விலங்குகளோடுதான் இருந்தது. ஒரு மனிதர் தம் வாழ்க்கையை இதற்கா கொடுத்தார் என்று சிம்மக்கல் வாசகர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நான் கொடுத்ததும் ஏறக்குறைய இதற்குத்தான்.

இப்போது நம் கண்ணுக்கு வருகிறேன். உள்ளே இருக்கும் லென்ஸ்தான் காட்சியைக் குவிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது முன்னால் கண்ணாடி போல மூடியிருக்கும் கருவிழி (கார்னியா). மொத்தம் சுமார் 60 பவரில் 43 அதனுடையது. அது வேலை செய்வதற்குக் காரணம், வெளியே காற்றும் உள்ளே நீர்ச்சத்தும் இருப்பது. ஒளி காற்றிலிருந்து கருவிழிக்குள் நுழையும்போது வளைகிறது. தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் வெளியிலும் நீர், உள்ளேயும் நீர்; வளைய வேண்டிய ஒளி நேராகப் போய்விடும். நாற்பது பவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தவனைப் போல நிற்க வேண்டியதுதான். கிணற்றுக்குள் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த மங்கல் தெரியும்.

மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. முழுச் சுமையையும் லென்ஸே தூக்கிக்கொள்கிறது. அதனால்தான் அது தட்டையாக இல்லாமல் கோலிக்குண்டாக உருண்டிருக்கிறது. நம்ப மறுப்பவர்கள் கரிமேடு மார்க்கெட்டில் ஒரு விளைமீன் தலை வாங்கிக் குழம்பு வைத்துப் பாருங்கள். கண்ணுக்குள் இருந்து கடினமான வெள்ளை உருண்டை ஒன்று பல்லில் தட்டுப்படும். அதுதான் வெந்துபோன லென்ஸ். எங்கள் வீட்டில் அதற்காகப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

சீலும் கடல் சிங்கமும் இரண்டு உலகத்திலும் பிழைக்க வேண்டியவை. இவற்றின் லென்ஸும் மீனுடையதைப் போல உருண்டை. அப்படியானால் கரைக்கு வந்ததும் எல்லாம் மங்கலாகத் தெரிய வேண்டும். ஆனால் ஷஸ்டர்மன் அளந்தபோது, நல்ல வெளிச்சத்தில் கடல் சிங்கத்துக்கு நீருக்குள் எவ்வளவு தெளிவோ ஏறக்குறைய அவ்வளவு தெளிவு வெளியிலும் இருந்தது. வெளிச்சத்தைக் குறைத்தபோது வெளிப் பார்வை மட்டும் விரைவாக விழுந்தது. இதற்கு விடை எங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. கறுப்புத் தகட்டில் சிறு ஓட்டைகள் போட்ட பின்ஹோல் என்ற கருவி. மங்கலாகத் தெரிகிறது என்பவர் அதன் வழியே பார்த்து எழுத்தைப் படித்துவிட்டால், குறை கண்ணாடியால் தீரும் என்று அர்த்தம். சிறு துளை வழியே நுழையும் ஒளி குவியாவிட்டாலும் அதிகம் சிதறாது. வெயிலில் கடல் சிங்கத்தின் கண்பாவை, அதாவது கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளை, அப்படித்தான் சுருங்கிக்கொள்கிறது. கூடவே கருவிழியில் தட்டையான ஒரு பகுதியும் உண்டு. ஆண்டுக்கணக்கில் கையில் பிடித்திருந்த தகட்டை ஒரு விலங்கு பிறவியிலேயே கண்ணில் வைத்திருக்கிறது என்று படித்தபோது, அன்றைக்குச் சமையல் தாமதமானது.

யானைச் சீல் இதையெல்லாம் தாண்டிய ஆள். மாதக்கணக்கில் கடலிலேயே இருந்து, இருபது நிமிடம் உள்ளே, இரண்டு மூன்று நிமிடம் மேலே என்று இரவு பகலாக மூழ்கிக்கொண்டே இருக்கும். வழக்கமாக 400 முதல் 600 மீட்டர். 1,500 மீட்டரைத் தாண்டிப் போனதும் பதிவாகியிருக்கிறது. 1990களில் ஷஸ்டர்மனும் அவருடன் பணியாற்றிய டேவிட் லெவன்சனும் இதன் கண்பாவையை அளந்தார்கள். வெளிச்சத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள ஓட்டை. இருட்டில் இரண்டு சென்டிமீட்டரையும் தாண்டி விரிகிறது. பரப்பில் பார்த்தால் நானூறு மடங்குக்கும் மேல். நம் கண்பாவை எவ்வளவு முயன்றாலும் பதினாறு மடங்கு விரிந்தால் பெரிது.

சித்திரை மாதப் பகலில் அம்மன் சன்னதி வாசல் வழியாக உள்ளே நுழைகிறவர், கண் பழகும் வரை தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் அல்லவா? சில நிமிடங்களில் ஐந்நூறு மீட்டர் இறங்கும் விலங்குக்கு அப்படி நிற்க நேரமில்லை. மேலே இருக்கும்போது துளையை இறுக்கி வைத்திருப்பதால் விழித்திரைக்கு வெயில் படுவதே குறைவு. ஆகவே இருட்டுக்குப் பழக வேண்டிய தூரமும் குறைவு என்பது அவர்கள் சொன்ன விளக்கம். சோதனையிலும் யானைச் சீலின் கண், துறைமுகச் சீல், கடல் சிங்கம் இரண்டின் கண்களையும்விடச் சீக்கிரமாக இருட்டுக்குப் பழகியது. மங்கிய ஒளியில் பார்க்க உதவும் அதன் குச்சி செல்களில் உள்ள நிறமியும் நம்முடையதைவிட நீலத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது; ஆழத்தில் மிஞ்சுவது அந்த ஒளிதான், அங்குள்ள உயிரினங்கள் விடும் வெளிச்சமும் பெரும்பாலும் அதே நிறம்தான்.

இங்கே தங்கள் கட்டுரைக்கு ஒரு திருத்தம். ‘சீல் பார்க்கும் உலகம்’ என்று நீலக் கடலில் செந்நிற மீன்கள் ஓடும் வண்ணப்படம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். படம் அழகாக இருந்தது, பொருள் தவறு. நிறங்களைப் பிரித்தறிவது கூம்பு செல்கள். நமக்கு மூன்று வகை. நாய், பூனைக்கு இரண்டு. சீல்களுக்கும் திமிங்கிலங்களுக்கும் நீலத்துக்கான கூம்பு செல் இல்லை என்று ஜெர்மனியின் லியோ பைக்லும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் எழுதினார்கள். மிஞ்சியிருப்பது ஒரே வகை. மங்கிய ஒளியில் நீலத்தை நன்றாக உணரும் குச்சி செல் இருக்கிறது, ஆனால் அதை நீலம் என்று பிரித்துக் காட்ட வழியில்லை. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருந்தால் படமும் சரியாக இருந்திருக்கும், மையும் மிச்சமாகியிருக்கும்.

மூச்சைப் பற்றிய பகுதியைக் கட்டுரையாளர் நான்கே வரிகளில் முடித்துவிட்டார். சிம்மக்கல் வாசகருக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய பகுதி அது. 1960களில் ஜெரால்ட் கூய்மன் என்ற ஆய்வாளர் அண்டார்டிகாவின் மக்மர்டோ பகுதியில், பனித்தரையில் தனியாக ஒரு துளை போட்டு அங்கே வெடல் என்ற வகைச் சீல் ஒன்றை விட்டார். சுற்றுவட்டாரத்தில் வேறு துளை இல்லாததால் மூச்சுவிட அது திரும்பவும் அங்கேதான் வர வேண்டும். முதுகில் கட்டிய ஆழமானிக்கு அவர் பயன்படுத்தியது சமையலறையில் முட்டை வேகவைக்க நேரம் பார்க்கும் கடிகாரம். அந்தக் கருவியைக் கொண்டுதான் சீல்கள் 600 மீட்டர் வரை இறங்கும் விவரம் வெளிவந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் பிராணியைப் பலகையில் கட்டித் தண்ணீருக்குள் அமுக்கித்தான் சோதித்தார்கள். ஆய்வு என்றால் கோடிக்கணக்கில் பணம் வேண்டும் என்று அமைச்சர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த முட்டைக் கடிகாரம் நினைவுக்கு வரும்.

இந்தச் சீல்கள் மூழ்குவதற்கு முன் மூச்சை இழுப்பதில்லை, வெளியே விடுகின்றன. அவற்றின் ஆக்சிஜன் இருப்பில் பெரும்பகுதி நுரையீரலில் இல்லை. ரத்தத்திலும் தசையிலும் இருக்கிறது. தசை ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும், தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் அவ்வளவு. இதயம் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். நம் பையன்கள் செய்வது இதற்கு நேர் எதிர். அலங்காநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம் கோடை விடுமுறையில் கிணற்றுத் திட்டில் நின்று, முங்கு போடுவதற்கு முன் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்து விடுகிறார்கள். அதிக நேரம் உள்ளே இருக்கலாம் என்று நினைப்பு. அப்படி மூச்சு விடுவதால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை. கரியமில வாயுதான் வெளியேறுகிறது. மூச்சுவிடச் சொல்லி உடம்பை உந்துவது கரியமில வாயு. அது குறைந்துபோனால் உந்துதல் வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, பையன் தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடுவான். தத்தளிப்பதில்லை, கூவுவதில்லை. மேலே இருப்பவர்கள் இன்னும் பந்தயம் நடப்பதாக நினைத்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். நன்றாக நீச்சல் தெரிந்தவன் எப்படிச் செத்தான் என்று ஒவ்வொரு மே மாதமும் தங்கள் நாளிதழிலேயே யாராவது கேட்கிறார்கள். அந்தச் செய்திகளுக்குக் கீழே இந்த நான்கு வாக்கியங்களைப் பெட்டி கட்டிப் போடுங்கள் ஐயா, புண்ணியமாகப் போகும்.

சரி, கண்ணுக்குத் திரும்புவோம்.

தாய்லாந்தின் சூரின் தீவுகளில் மோக்கன் என்ற கடலோடிகள் வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் கண்ணாடி எதுவும் இல்லாமல் அடியில் கிடக்கும் சிப்பியையும் சிறு உயிர்களையும் பொறுக்கி வருகிறார்கள். ஸ்வீடனில் உள்ள லுண்ட் பல்கலைக்கழகத்தின் அன்னா கிஸ்லேன் அங்கே போய், அதே கோட்டுப் பலகையை நீருக்குள் வைத்து அளந்து 2003இல் வெளியிட்டார். ஐரோப்பியப் பிள்ளைகளைவிட மோக்கன் பிள்ளைகள் இரண்டு மடங்கு நுண்ணிய கோடுகளைக் கண்டார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளின் கண்பாவை நீருக்குள் 2.5 மில்லிமீட்டர் அளவில் நின்றது. இவர்களுடையது 2 மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கியது. கூடவே உள்ளிருக்கும் லென்ஸையும் முடிந்த மட்டும் இறுக்கிக் குவித்தார்கள். மறுபடியும் பின்ஹோல்! பிறவி வரம் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஸ்வீடன் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் அது வந்துவிட்டது. 2006இல் அந்த முடிவும் வெளியானது.

இதில் பெரியவர்களின் கதை வேறு. லென்ஸ் இறுக்கிக் குவியும் வரைதான் இந்த வித்தை நடக்கும். வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துப்போகும். நாற்பதைத் தாண்டினால் நம் எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருவது அதனால்தான். பஸ் டிக்கெட்டைக் கையை நீட்டிப் படிக்கும் வயது. அதற்கு சிம்மக்கல் என்றும் சூரின் என்றும் பேதமில்லை.

இனி நான் சொல்ல வந்தது. மதுரைக்குத் தென்கிழக்கே மண்டபம், பாம்பன் கரையில் நூற்றுக்கணக்கான பெண்கள் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். விடியுமுன் வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், நீர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு மூச்சைப் பிடித்து மூழ்குகிறார்கள். பவளக் கல்லில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும். அந்தப் பாசியில் இருந்துதான் அகர் என்ற இறுகும் கூழ்ப்பொருளைக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சும் தொழிற்கூடங்கள் நம் மதுரையைச் சுற்றித்தான் இருக்கின்றன. நோன்புக் கஞ்சியோடு கடல்பாசி வைக்கும் வீடுகளிலும், கடல்பாசி சேர்க்கும் ஜிகர்தண்டா கடைகளிலும் அது கண்ணாடி போல நடுங்குகிறது. வயலில் வேலை செய்யும்போது தோகை கீறிக் கருவிழியில் புண்ணோடு வருகிறவருக்குக் காளானா கிருமியா என்று வளர்த்துப் பார்க்கும் தட்டிலும் இருப்பது அகர்தான். சிம்மக்கல் வாசகர் வெயிலுக்கு ஒரு ஜிகர்தண்டா குடித்திருந்தால் சம்பந்தம் தொண்டை வழியாக ஏற்கெனவே உள்ளே போய்விட்டது.

அந்தக் கரையில் முகாம் போடும்போது இந்தப் பெண்கள் வருவார்கள். உப்புக் காற்றிலும் வெயிலிலும் கண் சிவந்து, பலருக்குக் கருவிழி மேல் சதை வளரத் தொடங்கியிருக்கும். படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் யாரோ ஏற்கெனவே ‘கூலி’ என்று எழுதியிருப்பார்கள். வழக்கப்படி, பக்கத்தில் உள்ளதைப் படிக்கச் சொல்லும் கிட்டப் பார்வை அட்டையை நாற்பது சென்டிமீட்டரில் பிடித்து, வயதுக்கேற்ற பவரைக் கொடுத்து அனுப்புவோம். ஒருமுறை ஒரு பெண் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கப் பேத்தி இருக்கிறாள் டீச்சர், தண்ணீருக்குள் பாசி எது குப்பை எது என்று பிரித்துப் பார்க்கத்தான் எனக்குக் கண்ணாடி வேண்டும் என்றார். வரிசையில் நின்ற மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் ஒரு மூச்சில் இரண்டு பிடி எடுத்தவர், இப்போது கல்லையும் கடல் முள்ளெலியையும் தடவிக்கொண்டு ஒரு பிடிக்கே திணறுவதாகச் சொன்னார்.

அவர் கேட்டதில் முழு நியாயமும் இருக்கிறது. நீர்க்கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் காற்று வந்துவிடுகிறது, கருவிழி மறுபடி வேலை செய்கிறது. நல்லதுதான். ஆனால் நீரிலிருந்து ஒளி அந்தத் தட்டைக் கண்ணாடியைத் தாண்டி வரும்போது பொருள் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகக் கண் எடுத்துக்கொள்ளும். கைக்கெட்டும் நாற்பது சென்டிமீட்டரில் இருக்கும் பாசி முப்பதில் இருப்பது போலத் தெரியும். இளம் கண்ணுக்கு அது லாபம்; பொருள் பெரிதாகவும் தெரியும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு நஷ்டம். கரையில் தேவைப்படும் கிட்டப் பார்வை பவருக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு முக்கால் பவர் வேண்டும். அதாவது நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் கரையில் இருப்பதைவிடக் கடலுக்குள் வெள்ளெழுத்து அதிகம். அவர் சம்பாதிப்பதோ கடலுக்குள்.

இதற்கு வழி கடினமானதில்லை. நீர்க்கண்ணாடியின் உட்புறத்தில், கண் இருக்கும் பக்கம், ஒரு பக்கம் தட்டையான சிறு பிளஸ் லென்ஸை ஒளி ஊடுருவும் பசையால் ஒட்டினால் போதும். வெளிப்புறம் ஒட்டினால் நீர் பட்டு அதன் பவர் பெருமளவு போய்விடும். உட்புறம்தான் ஒட்ட வேண்டும். பொழுதுபோக்குக்காக மூழ்கும் வெளிநாட்டுக்காரர்கள் இப்படிப்பட்ட முகக்கண்ணாடிகளை விலைக்கு வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அளவு எடுப்பதற்கும் கடலில் இறங்க வேண்டியதில்லை. கிட்டப் பார்வை அட்டையை நாற்பதில் பிடிக்காமல் முப்பதில் பிடித்துச் சோதித்தால் சரியாக வரும். சந்தேகம் இருந்தால் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உறையிட்ட அட்டையை அடியில் வைத்து, நீர்க்கண்ணாடியோடு முகத்தை வைக்கச் சொல்லிப் பார்க்கலாம். லென்ஸை மேல் பாதியில் ஒட்டுவதா கீழ்ப் பாதியில் ஒட்டுவதா என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். குப்புற நீந்தும்போது கை எந்தப் பக்கம் நீள்கிறது என்பது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரியாது.

பயனில்லாத ஆய்வு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்குக் கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லியின் கதை போதும். உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் ஏறின. கண் அவற்றை எதிர்க்கவில்லை என்பதை லண்டனில் அவர் கவனித்தார். 1949இல் அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து புரை எடுத்த கண்ணுக்குள் வைத்தார். சிம்மக்கல் வாசகருக்குப் புரை அறுவை முடிந்திருந்தால், அவர் என் கடிதத்தைப் படிப்பதும் அப்படிப்பட்ட லென்ஸ் வழியாகத்தான். நம் ஊரில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992 முதல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் அந்த லென்ஸ்களை மதுரையிலேயே செய்து விலையைச் சாமானியர் கைக்கு எட்டும்படி இறக்கியது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்யும் ஊரால் நீர்க்கண்ணாடியில் ஒட்டும் லென்ஸைச் செய்ய முடியாதா?

ஆகவே என் வேண்டுகோள் மூன்று தரப்புக்கு. கடற்கரையில் முகாம் நடத்துகிறவர்கள், தொழில் என்ற கட்டத்தில் ‘கூலி’ என்பதற்குப் பதிலாகப் பாசி எடுப்பவர், சங்கு குளிப்பவர் என்று எழுதுங்கள். அப்படி எழுதினால்தான் அடுத்த கேள்வி தோன்றும். கண் பரிசோதனைப் படிப்பு படிக்கும் மதுரை மாணவ மாணவியருக்கு ஆண்டு இறுதியில் ஒரு ஆய்வுத் திட்டம் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் கைப்பேசி பார்க்கிறார்கள் என்று இன்னொரு முறை கணக்கெடுப்பதை விட்டுவிட்டு ஒரு குழு மண்டபம் பக்கம் போகட்டும். கோட்டுப் பலகை, தொட்டி, நீர்க்கண்ணாடி, லென்ஸ் பெட்டி போதும். பாசிப் பெண்களுக்கு ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் போகும் என்பதால், கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், அல்லது அந்த நாளுக்கான கூலியைக் கொடுங்கள். மூன்றாவது தரப்பு தாங்கள்தான். அறிவியல் இணைப்பை நிறுத்திவிடாதீர்கள். அந்த அரைப் பக்கத்தைச் சாலைச் செய்திக்குக் கொடுத்தாலும் மாசி வீதிப் பள்ளம் மூடப்போவதில்லை.

என்னிடம் பழைய டிரையல் லென்ஸ் பெட்டி ஒன்று இருக்கிறது. சில லென்ஸ்களில் கீறல் விழுந்திருந்தாலும் பிளஸ் வரிசை முழுதாக இருக்கிறது. யாராவது குழுவாகக் கிளம்பினால் பெட்டியோடு வரத் தயார். போக்குவரத்துச் செலவு என்னுடையது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் அலுவலகம் வழியாகவே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பார்வைப் பரிசோதகர்,
வில்லாபுரம், மதுரை.